தூங்குமூஞ்சி மரத்தின் ஒரே பிரதி

நான்குவழிச் சாலைக்காக வெட்டிக் கொண்டுபோன தூங்குமூஞ்சி மரத்தின் நிழல், வெட்டி ஒரு வருஷமும் இரண்டு மாதமும் கழிந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, ஊருக்குப் பாதை பிரிகிற பருத்திக்கண்மாய் விலக்கில் தன் பழைய இடத்திலேயே வந்து விழுந்தது. தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்காக முக்காடு போட்டு நின்றுகொண்டிருந்த பதினோரு பெண்களும் அது வந்ததைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, தூக்குச்சட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, இரண்டடி தள்ளி அதற்குள் போய் நின்றுகொண்டார்கள். நிழல் வந்தால் நிற்க வேண்டியதுதானே, எங்கிருந்து வந்தாய், யார் அனுப்பினார்கள் என்று அதை விசாரித்துக்கொண்டிருக்க எங்கள் கரிசல்காட்டு வெயிலில் யாருக்குப் பொறுமை இருக்கிறது?

நிழலைக் கொண்டுவந்தவள் செண்பகவல்லி. அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அவள் செய்கிற வேலை என்னவென்று எங்களுக்கு முழுசாக விளங்கியதே இல்லை. பட்டணத்துப் படக்காரர்கள் தாங்கள் எடுத்த படங்களை அவளுக்கு அனுப்புவார்கள், அவள் அவற்றை நின்று நிலைக்கிற மாதிரி காகிதத்தில் ஏற்றிப் பெட்டியில் கட்டி அனுப்புவாள் என்பது மட்டும் தெரியும். மரத்தை அரைத்துச் செய்த காகிதத்தை அவள் தொடமாட்டாள். நூல் மில்லில் கழித்துப் போடுகிற பஞ்சை மூட்டையாக வாங்கி, ஊறவைத்து, அரைத்து, கதவு அகலச் சல்லடையில் அள்ளி, தண்ணீரை வடித்து, மாசு படாமல் உலர்த்தித் தானே காகிதம் செய்வாள். அச்சடிக்கிற பெரிய மெஷினில் கம்பெனிக்காரன் ஊற்றிக் கொடுத்த மையைக் கழுவிக் கொட்டிவிட்டு, ஆமணக்கெண்ணெய் விளக்குக்கு மேல் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்த கரியை நாள்கணக்கில் அரைத்து அந்தக் கறுப்பைத்தான் அதற்கு ஊட்டுவாள். ஒட்டுவதற்குச் சலித்தெடுத்த கோதுமைப் பசை, சட்டத்துக்கு இடித்த வீட்டுத் தேக்கு. பிளாஸ்டிக் என்று ஒரு துணுக்கு உள்ளே போகாது. எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டால், கையில் மாட்டிய வெள்ளை உறையைக் கழற்றாமலே, "இருநூறு வருசம்" என்பாள்.

எதிரே பிளெக்ஸ் கடை வைத்திருக்கிற ஜெபமணிக்கு இதைக் கேட்டால் சிரிப்பு தாங்காது. அவன் அடிக்கிற கல்யாண பிளெக்ஸ், மறுவீட்டு விருந்து முடிவதற்குள் வெளுக்க ஆரம்பித்து, மூன்று மாதத்தில் மாப்பிள்ளை பெண் வாழைமரம் எல்லாம் நீலமாகி நிற்கும்.

"மாப்பிள்ளையே இருநூறு வருசம் இருக்கப் போறதில்ல மதினி. படம் மட்டும் இருந்து யாரை வரவேற்கப் போகுது?" என்பான்.

செண்பகவல்லியின் புருஷன் தவசிக்கண்ணுதான் அந்த மரத்தைப் படம் எடுத்தவன். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், திருவிழா என்று சுற்றுப்பட்டு முழுக்க அவன் காமிராவில் விழாத முகம் கிடையாது. சாலைக்காரர்கள் வெட்டுவதற்கு அடையாளமாக மரத்தின் அடியில் சிவப்புப் பெயின்டில் நம்பர் எழுதிவிட்டுப் போனதற்கு மறுநாள் காலையில், பழைய பிலிம் காமிராவில் மிச்சம் இருந்த ஒரே ஒரு பிலிமில் அதை எடுத்தான். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவன் நிழல் நீளமாகத் தரையில் படுத்து மரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. தன் நிழல் படத்துக்குள் விழுந்தால் படம் கெட்டது என்று அடுத்தவனை வைகிற ஆள்தான் அவன், அன்றைக்கு ஏனோ விட்டுவிட்டான். ஒன்பதாம் நாள் மரம் விழுந்தது. அடுத்த மாதம் மஞ்சள்காமாலையில் அவனும் போய்விட்டான். அந்தப் பிலிமை செண்பகவல்லி ஒரு வருஷம் துணிப்பெட்டியில் வைத்திருந்து, பிறகு ஒரு நாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு கழுவி, ஆள் உயரக் காகிதத்தில் அச்சேற்றினாள்.

குழல்விளக்கு வெளிச்சத்தில் கறுப்பு பொய் சொல்லும் என்பது அவள் கொள்கை. எந்தப் படமானாலும் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை வைத்துப் பார்க்காமல் கட்டமாட்டாள். அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் படத்தைச் சட்டத்தோடு தூக்கிவந்து, கூரை பறந்துபோய்ப் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சியிருக்கிற 'பயணியர் நிழற்குடை'யின் சுவரில் கிழக்குப் பார்க்கச் சாய்த்தாள். வெயில் படத்தில் பட்டது, நிழல் தரையில் விழுந்தது. மரத்தின் நிழலுக்குக் கிழக்கே, யாருடைய காலிலும் ஒட்டாமல், காமிராவைக் கண்ணுக்குத் தூக்கிய ஓர் ஆணின் நிழலும் நீளமாக விழுந்திருந்தது. அதை முதலில் பார்த்தது தீப்பெட்டி ஆபீஸ் அய்யம்மாள்.

"ஏ புள்ளைகளா, பார்த்துக் காலை வைங்க. தவசி அண்ணன் நிக்காக" என்றாள்.

அன்று முதல் அவனை யாரும் மிதித்ததில்லை. கிழக்கேயிருந்து வருகிறவர்கள் ஓர் அரைவட்டம் சுற்றிக்கொண்டு வந்து மர நிழலில் நிற்பார்கள். பத்து மணிக்கு அவன் சுருங்கிக் காணாமல் போவான், மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுவான். உயிரோடு இருந்த காலத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் அவன் இப்படி நேரத்துக்கு வந்ததில்லை என்று பேசிக்கொண்டோம். செண்பகவல்லி தினமும் காலையில் ஒரு டம்ளர் காப்பியோடு வந்து, அவனுக்குப் பக்கத்தில், அவன் மேல் தன் நிழல் விழாதபடி நின்று குடித்துவிட்டுப் போவாள்.

மரம் இல்லாத நிழலுக்கும் நடைமுறை என்று ஒன்று வேண்டியிருந்தது. டீக்கடை முத்துப்பேச்சி தன் பெஞ்சைப் பழைய இடத்துக்கே நகர்த்திப் போட்டாள். மத்தியானம் நிழல் அவளுக்கு, மூன்று மணிக்குமேல் அது சர்வீஸ் ரோட்டைத் தாண்டி ஜெபமணியின் கடை வாசலுக்குப் போய்விடும், ஆகவே மூன்று மணிக்குமேல் டீயும் அங்கே போகும் என்று ஒப்பந்தம் ஆயிற்று. மரம் உயிரோடு இருந்தபோது எப்படியோ அப்படியே, சாயங்காலம் ஐந்து ஐந்தரைக்கு இலைகளை மடக்கிக்கொண்டு நிழலும் தூங்கப் போகும், தரையெல்லாம் சல்லடையாக வெளிச்சம் ஒழுகும், அதைப் பார்த்துத்தான் முத்துப்பேச்சி பால் கொதிக்க வைப்பாள். மழை தூறினாலும் மடங்கும். கண்ணாடி போட்டால் நிழல் விழவில்லை என்பதால் படத்தைக் கண்ணாடி இல்லாமலே தொங்கவிட்டு, சாரல் படாமலிருக்க ஜெபமணி மேலே ஒரு தகரம் அடித்துக் கொடுத்தான். சாலைக்காரர்களின் என்ஜினியர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கி, இந்த மரம் கணக்கில் வெட்டப்பட்ட மரம், ஆகையால் இங்கே நிழல் இருக்க முடியாது என்று அந்த நிழலிலேயே உட்கார்ந்து எழுதிவிட்டு, இரண்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

ஜெபமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. படத்தைச் செல்போனில் பிடித்து, இருபதுக்குப் பத்து பிளெக்ஸில் அடித்து மேற்கே இரண்டு கம்பில் கட்டினான். அதிலிருந்து விழுந்தது பிளெக்ஸின் சொந்த நிழல் மட்டும்தான், சதுரமாக, அனல் வீசிக்கொண்டு. ஒரே ஓர் ஆடு அதில் போய்ப் படுத்து, அதுவும் சிறிது நேரத்தில் எழுந்து வந்துவிட்டது. மூன்று மாதத்தில் மரம் நீலமாயிற்று.

செண்பகவல்லியும் இன்னொரு பிரதி போட்டுப் பார்த்தாள், அதே பஞ்சு, அதே கரி, அதே பிலிம். மரம் அச்சாக வந்தது. ஆனால் மரத்தடி வெள்ளையாகக் கிடந்தது. மரத்தின் நிழலும் இல்லை, தவசிக்கண்ணும் இல்லை. அவள் அந்தக் காகிதத்தை முத்துப்பேச்சியிடம் காட்டினாள்.

"ஒரு மரத்துக்கு ஒரு நெழல்தான் தாயி. அது இங்கன வந்துட்டு. பெறகு அங்கன எப்படி இருக்கும்?" என்றாள் முத்துப்பேச்சி, ஈயைத் துரத்திக்கொண்டே.

அப்போதுதான் செண்பகவல்லிக்குப் பயம் வந்தது. வந்த பயத்தோடு வீட்டிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துவந்து படத்தை ஓரம் ஓரமாகப் பார்த்தாள். இலைநுனிகளில் கறுப்பு மெலிந்திருந்தது. வெயில் தின்றால் காகிதம் மஞ்சளாகும், பொரியும், அவளுக்கு அது அத்துபடி. இது மஞ்சளாகவில்லை, பொரியவில்லை. விளக்குக் கரியை வெயிலால் தின்னவும் முடியாது. அந்த மை கொடுத்துக் கொடுத்துக் குறைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாள் நிழலும் காகிதத்திலிருந்து ஒரு சிட்டிகைக் கரியை எடுத்துக்கொண்டுதான் தரையில் விழுந்தது. உள்ளே இருட்டில் வைத்தால் இருநூறு வருஷம், இங்கே தொங்கினால் ஆறு வருஷமோ ஏழு வருஷமோ. அவள் யாரிடமும் சொல்லவில்லை. காப்பி குடிக்க வரும்போது மட்டும் தவசிக்கண்ணின் நிழலில் தோள்பட்டை கறுப்பாக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள்.

இரண்டாம் வருஷம் ஆயுதபூஜை வந்தது. எங்கள் ஊரில் உழைக்கிற எதற்கும் அன்றைக்குப் பொட்டு உண்டு. வேனுக்கு, தராசுக்கு, உரலுக்கு, சைக்கிளுக்கு, தீக்குச்சி அடுக்குகிற சட்டத்துக்கு, பால் கொதிக்கிற சட்டிக்கு. காலையில் வேன் வருவதற்கு முன் பெண்கள் நிழலுக்குள் நின்று யோசித்தார்கள். ஒரு வருஷம் லீவு எடுக்காமல் உழைத்தது எது? அய்யம்மாள் கிண்ணத்தில் சந்தனம் குழைத்து, படத்தில் மரத்தின் அடிப்பக்கத்தில், கண்டால் கையெடுக்கத் தோன்றுகிற இடமாகப் பார்த்து, மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமத்தை அழுத்தி வைத்தாள். உடனே தரையில், மரநிழலின் தூரடியில், வெற்றிலையளவுக்கு ஒரு சிவப்பு நிழல் விழுந்தது. எல்லோரும் குலவை போட்டார்கள்.

செண்பகவல்லி காப்பியோடு வந்து பார்த்தாள். டம்ளர் கையிலிருந்து நழுவியது. வெறும் விரல் படாமல், மூச்சுக்காற்றின் ஈரம் படாமல், உறை மாட்டிய கையால் வளர்த்த காகிதத்தில் ஈரச் சந்தனம் ஊறி இறங்கிக்கொண்டிருந்தது.

"யாரு வச்சா?" என்றாள். "என்னத்துக்கு வச்சீக? இது என்ன, லாரியா?"

அவள் படத்தைக் கழற்றினாள். ஆளுயரச் சட்டத்தை ஒற்றை ஆளாக அணைத்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவளோடு மரநிழலும் சிவப்புப் பொட்டும் தவசிக்கண்ணும் நகர்ந்து போய், அவள் வாசல்படி தாண்டியதும் மூவரும் இல்லாமல் போனார்கள்.

பத்தொன்பது நாள் விலக்கில் வெயில் அடித்தது. எங்கள் ஆட்களுக்கு ஒரு ரோஷம் உண்டு. கேட்டு வாங்கினால் அது நிழல் ஆகாது என்று பேசாமல் இருந்தார்கள். பெண்கள் முக்காட்டைப் போட்டார்கள், முத்துப்பேச்சி பெஞ்சைக் கடைக்குள் இழுத்தாள், ஜெபமணி மூன்று மணிக்கு வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனான். ஆனாலும் காலையில் வருகிறவர்கள், அங்கே ஒன்றும் இல்லாதபோதும், அந்த அரைவட்டத்தைச் சுற்றிக்கொண்டுதான் வந்தார்கள்.

இருபதாம் நாள் அய்யம்மாள் செண்பகவல்லியின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். உள்ளே பெரிய மெஷின் நின்றது, அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தன. அய்யம்மாள் அதைப் பார்த்தாள், பிறகு செண்பகவல்லியைப் பார்த்தாள்.

"நான்தான் மதினி வச்சேன். தப்புதான். வேலை செய்யுறதுக்குப் பொட்டு வைக்காம எப்படி இருக்கதுன்னு வச்சிட்டேன். நீங்களும் மிசினுக்கு வச்சிருக்கீக."

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. அய்யம்மாளை உள்ளே கூப்பிட்டு, பஞ்சுக் காகிதம் சுற்றி மூடிவைத்திருந்த மரப்பெட்டியைத் திறந்து காட்டினாள்.

"தெனமும் காலையில ஏழரைக்குத் தெறந்து பார்க்கேன். மரம் இருக்கு. அவுகளும் இந்தா, படத்துல இருக்காக. ஆனா தரைக்கு வரலை. லைட்டைப் போட்டுப் பார்த்தேன், ஜன்னலைத் தெறந்து வச்சுப் பார்த்தேன். வரலை. இப்படியே மூடி வச்சா இருநூறு வருசம் இருப்பாக அய்யம்மா. ஆனா ஒரு நாளும் வரமாட்டாக."

"வெளிய வச்சா?"

"வருவாக. வந்து வந்து தேஞ்சு போவாக."

அய்யம்மாளும் புருஷனைப் பறிகொடுத்தவள்தான், அவள் புருஷன் எந்தப் படத்திலும் நிழலாகக்கூட விழாமல் போனவன். வாழைப்பழத்தை மெஷின் மேல் வைக்கப் போனவள், சட்டென்று கையை இழுத்துக்கொண்டு தரையில் வைத்தாள்.

"எனக்கு ஒரு நாள் கெடைச்சாலும் நான் வெளிய வைப்பேன் மதினி" என்று சொல்லிவிட்டு வேனுக்கு ஓடினாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் படம் சுவரில் தொங்கியது. சந்தனக் குங்குமப் பொட்டை அவள் சுரண்டவில்லை, சுரண்டினால் காகிதம் புண்ணாகும். அன்று முதல் அவள் காப்பியைச் சீக்கிரம் குடித்துவிட்டுப் போவதில்லை. பத்து மணிக்கு அவன் சுருங்கிப் போகும்வரை இருந்து, பட்டணத்திலிருந்து வந்த கடிதங்களை அவனுக்கு வாசித்துக் காட்டுவாள், எவன் எந்தக் கறுப்பைக் குறை சொன்னான் என்று கோள் சொல்லுவாள். நாங்கள் அந்த நேரத்தில் பெஞ்சை விட்டு எழுந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வோம்.

தேய்கிற கதை எப்படியோ எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. சாயங்காலம் வேனை விட்டு இறங்கித் தூக்குச்சட்டி கழுவிய தண்ணீரைக் கண்ட இடத்தில் வீசினால் தவசி அண்ணன் நிற்கிற இடத்தில் படும் என்று, பெண்கள் அதை மரத்தின் தூர் இருந்த இடத்தில், இப்போது சிவப்புப் பொட்டு விழுகிற குழியில் ஊற்றுவது முதல் நாளிலிருந்தே வழக்கம். பதினோரு தூக்குச்சட்டித் தண்ணீர், தினமும். மூன்றாம் வருஷம் தை மாதம் அந்தக் குழியில் இரண்டு இலை எட்டிப் பார்த்தது. ஐந்து மணிக்கு அது இலையை மடக்கிக்கொண்டதைப் பார்த்துத்தான் அது யார் பிள்ளை என்று முத்துப்பேச்சி கண்டுபிடித்தாள். ஆடு கடிக்காமலிருக்க ஜெபமணி தன் பழைய பிளெக்ஸைச் சுற்றிக் கம்பு நட்டான். நீலமாகிப்போன மாப்பிள்ளையும் பெண்ணும் கும்பிட்டபடி அந்தச் செடிக்கு ஒரு வருஷம் காவல் நின்றார்கள்.

செடி ஏறியது, படம் இறங்கியது. முதலில் உச்சிக் கிளைகள் போயின, பிறகு பறவைக்கூடுகள், பிறகு பெரிய கவைகள். மத்தியான நிழல் மெலிந்து மெலிந்து, கடைசியில் அதில் நிற்பதற்கும் வெயிலில் நிற்பதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முத்துப்பேச்சி கையை நீட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்குள் கீழேயிருந்து வந்த நிழல் அவள் பெஞ்சின் ஒரு காலைத் தொட்டது, அடுத்த கோடையில் பெஞ்சையே மூடியது. எது படத்தின் நிழல், எது செடியின் நிழல் என்று கொஞ்ச நாள் பிரித்துச் சொல்ல முடிந்தது, பிறகு முடியவில்லை. தவசிக்கண்ணுதான் எல்லாவற்றுக்கும் பின்னால் போனான். முதலில் கால்கள் வெளுத்தன, பிறகு இடுப்பு, கடைசி மாதங்களில் தோளும், தூக்கிய இரண்டு முழங்கையும், காமிராவும் மட்டும் சாம்பல் நிறத்தில் வந்துபோயின. ஏழாம் வருஷம் மாசியில் ஒரு நாள் காலையில் ஏழு மணி ஆயிற்று, ஏழரை ஆயிற்று, அவன் வரவில்லை. செண்பகவல்லி பத்து மணிவரை இருந்துவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கு அவளுக்காக முத்துப்பேச்சி கடையை அடைத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் படத்தைக் கழற்றிப் போக அவள் வந்தாள். கையில் வெள்ளை உறை மாட்டியிருந்தாள். சுவரில் காகிதம் தூய வெள்ளையாகத் தொங்கியது. ஏழு வருஷ வெயிலுக்கும் காற்றுக்கும் ஒரு மஞ்சள் இல்லை, ஒரு விரிசல் இல்லை, ஓரம் சுருளவில்லை. அவள் சொன்ன இருநூறு வருஷமும் அதில் அப்படியே பாக்கியிருந்தது. அடிப்பக்கத்தில் அய்யம்மாள் வைத்த சந்தனமும் குங்குமமும் மட்டும் வைத்த அன்றைக்கு இருந்ததுபோல் இருந்தன. புது மரம் காகிதத்தின் மேல் இலைஇலையாக நிழலாடிக்கொண்டிருந்தது, காற்று வந்தால் அசைந்தது.

அவள் கழற்றவில்லை. நாலு எட்டு பின்னால் வந்து, தவசிக்கண்ணு நிற்கிற இடத்தில், அவன் நின்ற மாதிரியே மரத்தைப் பார்த்து நின்றாள். சூரியன் அவள் முதுகில் இருந்தது. அவளுடைய நிழல் நீளமாகக் கிளம்பிப் போய் மரத்தின் அடியைத் தொட்டது.

கிழக்கேயிருந்து தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். இப்போது பதினான்கு பேர். பேச்சு மும்முரத்தில் அவளைக் கவனிக்காமல் தாண்டி முன்னே வந்த அய்யம்மாள் தரையில் கிடந்த நிழலைப் பார்த்ததும், பழகிய கால் தானாக நின்றது. பின்னால் வந்த புதுப்பெண்ணைக் கையை நீட்டி மறித்தாள்.

"பார்த்து வா புள்ள, சுத்திக்கிட்டு வா. தவசி அண்ணன் வந்திருக்காக."

அது நான்தான் என்று சொல்ல வாயெடுத்த செண்பகவல்லி, பதினான்கு பேரும் அரைவட்டமாகச் சுற்றிப் போவதைப் பார்த்தாள். பிறகு, நிழல் சரியாக விழட்டும் என்று, இரண்டு கையையும் காமிரா பிடிப்பதுபோல் கண்ணுக்கு நேராகத் தூக்கி, வேன் வந்து அவர்கள் எல்லோரும் ஏறிப் போகும்வரை அசையாமல் நின்றாள்.